மூன்று நிமிஷப் பாட்டை இரண்டேகாலில் முடித்தவனுக்கு

தம்பி,

நீ சுகமா, உன் இடது கை சுகமா? இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். இரண்டு நாளாக விடாத தூறல். கம்பெனியில் காயப்போட்ட சரக்கையெல்லாம் உள்ளே எடுத்து அடுக்கிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. உன் அம்மா வேலை பார்க்கும் அச்சாபீசில் விலைபோகாமல் கிடந்த போன வருஷத்து டைரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு தேதியும் ராகுகாலமும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக் குழம்பாதே.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாய். ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிக்கும் ஒரு குழுவில் உன்னைச் சோதித்துப் பார்க்க ஏற்றியிருந்தார்கள், நீ கிட்டார் வாசித்தாய், கூட்டம் கத்தியது. அந்தக் குழுவை நடத்துகிறவர், "இந்த வேகத்துக்குத் தமிழ்நாட்டுலயே ஆள் கிடையாது" என்று சொல்லி உன்னைச் சேரச் சொன்னாராம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், பம்பு கம்பெனி வேலையை விடப்போகிறேன் என்றாய். பிறகு, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். "சூப்பர்லே" என்று சொல்லி போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பொய். போனில் எனக்கு உண்மை வராது என்று உனக்கே தெரியும். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நான் சந்தேகப் பிராணி என்று வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் கேலி பேசுவீர்கள். பேசுங்கள். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருப்பவன் எல்லாரையும் நம்பினால் ஊர் தாங்காது. காலையில் எம். புதுப்பட்டியிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் வேன் வந்து நிற்கும், இறங்குகிற ஒவ்வொருவரையும் நான் சந்தேகப்பட்டாக வேண்டும். மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பையில் போன் இருக்கிறதா, காலில் இரும்பு வைத்த செருப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவேன். சிரித்துக்கொண்டே வருகிறவனை இரண்டு தரம் பார்ப்பேன். அந்தப் புத்தி சட்டையைக் கழற்றும்போது சேர்ந்து கழன்றுவிடுமா? வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

பத்தாவது முடித்த லீவில் மதுரையிலிருந்து அந்தக் கிட்டாரை நீ தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு வந்த முதல் யோசனை, எந்தப் பொம்பளப் பிள்ளைக்காகடா இது என்பதுதான். நீ இல்லாத நேரம் பார்த்து உறையைத் திறந்து, கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். சிகரெட்டோ கடிதமோ எதுவும் விழவில்லை. ஒரு நாள் முக்கோணமாக, மூலையெல்லாம் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் சில்லு விழுந்தது. ஏதோ போதைச் சாமான் என்று முடிவுகட்டிவிட்டேன். காகிதத்தில் மடித்து மெடிக்கல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திர இல்லண்ணே, ஏதோ வெளயாட்டுச் சாமானா இருக்கும்" என்றார். நீ அன்றைக்கு வீடு பூராவும் தேடி, கட்டிலுக்கு அடியிலெல்லாம் தவழ்ந்தாய். நானும் உன்னோடு சேர்ந்து தேடுகிறமாதிரி நடித்தேன். கம்பியை மீட்டுகிற சில்லு அது என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் கட்டிலுக்கு அடியில் அது கிடைத்ததே, நான்தான் போட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்துச் செய்தது சிரிக்கிற காரியம் இல்லை. நீ கெட்டுப்போகவில்லை என்று ஒருவழியாக நம்பியதும், நீ ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறாயா என்ற சந்தேகம் வந்தது. எனக்கோ சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. எதை வைத்து அளப்பது? எனக்குத் தெரிந்த அளவை வைத்து அளந்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நீ பாட்டைத் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், முடிக்கும்போது பார்ப்பேன். "ஏலே, நேத்து மூணு நிமிசம் ஆச்சு, இன்னைக்கு ரெண்டே முக்கால்லே முடிச்சிட்ட. தேறிட்டலே!" என்று முதுகில் தட்டுவேன். நீ முதலில் சிரித்தாய். "யப்பா, அது சீக்கிரம் முடிக்கிறதுக்கு இல்லப்பா" என்றுகூடச் சொன்னாய். நான் விடவில்லை. ஒரு பாட்டைச் சீக்கிரம் முடித்தால் மகன் முன்னேறுகிறான் என்று நினைத்த தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அப்பன் தட்டிக்கொடுப்பது போதும் அல்லவா? அதே பாட்டை இரண்டரையில் முடித்தாய், பிறகு இரண்டேகாலில் முடித்தாய். அன்றைக்கு உனக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன்.

இதிலே வெட்கக்கேடு என்னவென்றால், வேகத்தைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறைகளுக்கு வெளியே நான் எப்போதும் நின்றுகொண்டிருப்பேன். அறைக்கு நாலு பேர். கூம்பில் மருந்தைப் போட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டி இறுக்குவார்கள். உள்ளே போய்ப் பார்க்கவே வேண்டாம், சத்தத்தைக் கேட்டாலே யார் என்று சொல்லிவிடலாம். ஒருத்தி இரண்டு தட்டுத் தட்டிக் கொஞ்சம் நிறுத்துவாள், இன்னொருத்தி மூன்றாகத் தட்டுவாள், ஒருவன் இருமிவிட்டுத் தட்டுவான். நாலு பேரும் நாலு மாதிரி தட்டிக்கொண்டிருக்கிறவரைக்கும் எனக்குப் பயம் இல்லை. நாலும் ஒரே மாதிரி, கடகடவென்று கேட்க ஆரம்பித்தால் உள்ளே அவசரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கதவில் நின்று, "எல்லாரும் வெளிய வாங்க, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பேன். கம்பெனியில் அம்புட்டு விவரமாக இருந்த அதே காது, வீட்டில் நீ கடகடவென்று வாசித்தபோது சந்தோஷப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். பதினோரு தரம் பார்த்தேன். உன் விரல் ஓடுகிற ஓட்டத்தில் விரலே தெரியவில்லை. கூட்டத்தையும் பார்த்தேன். எல்லாரும் போனைத் தூக்கி உன் விரலைப் படம் பிடிக்கிறார்கள். ஒருத்தராவது தலையை ஆட்டுகிறாரா, கண்ணை மூடுகிறாரா என்று தேடினேன், காணோம். அதைவிட ஒன்று எனக்கு உறுத்தியது. நீ முடிப்பதற்கு முன்னாலேயே கைதட்டிவிட்டார்கள். கடைசியில் நீ வாசித்தது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு வந்தவர்கள் என்றால் கடைசிவரை பொறுத்திருக்க மாட்டார்களா? அந்தக் கைதட்டலை நான் நம்பவில்லை. உன்னைப் பாராட்டினாரே குழுக்காரர், அவரையும் நம்பவில்லை. உன் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதாக நீ சொல்லவில்லை. உன் வேகத்தைத்தான் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷத்தில் உன்னைவிட வேகமாக ஒரு பையன் வந்தால் அவர் யாரை வைத்துக்கொள்வார்?

உன் அம்மா அப்போதுதான் அச்சாபீசிலிருந்து வந்து, காலண்டருக்குத் தகரம் அடித்த கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வாசிக்கான். ஆனா யாரோ வெரட்டிக்கிட்டு வாற மாதிரில்ல வாசிக்கான்? பிள்ளைய யாருங்க வெரட்டுறது?" என்றாள். அவளே போனை வாங்கி முதலிலிருந்து ஓடவிட்டாள். நீ மேடையில் ஏறி, கம்பியைச் சரிபார்ப்பதற்காக ஒரே ஒரு கம்பியை மீட்டி, விரலால் கொஞ்சம் இழுத்து ஆட்டிவிட்டு, அது அடங்குகிறவரைக்கும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நாலு நொடி இருக்கும். "இந்தா, இது நல்லாருக்கு. இத மட்டும் இன்னொருக்க போடுங்க" என்றாள். போட்டேன். அவள் சொன்னது சரிதான். பின்னால் வந்த அவ்வளவு சத்தத்திலும் அந்த ஒன்றில்தான் நீ இருந்தாய்.

கடைசியாக, நீ வாசித்து முடித்துக் கும்பிட்டாயே, அப்போது வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்தாய். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாய். உன் அம்மாவுக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. வலிக்கிற கையை மனுஷர்கள் எப்படி ஒளிப்பார்கள் என்பது எனக்குப் பாடம். கம்பெனியில் சாயங்காலம் கேட்டைவிட்டுப் போகும்போது சின்னக் காயத்தோடு போகிறவர்கள் முந்தானையில் சுற்றுவார்கள், சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடிப்பார்கள், பின்னால் கட்டிக்கொள்வார்கள். காயம் தெரிந்தால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். உனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. எத்தனை மாதமாக என்று மட்டும்தான் எனக்குத் தெரியாது. இல்லை என்று போனில் சாதிக்காதே. வெந்நீர் ஒத்தடம், தைலம் என்று நீயே வைத்தியம் பார்க்காமல், குழுக்காரருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போய்க் கையைக் காட்டு. அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுது, ஒன்றையும் விடாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பாய். பேச்சியம்மாளை உனக்குத் தெரியும், அவளுடைய மகள் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தாள். பேச்சியம்மாள் எங்கள் கம்பெனியில் மருந்து அடைப்பவள். வேகக்காரி இல்லை. ஒவ்வொரு கூம்பிலும் கடைசித் தட்டுக்கு முன்னால் ஒரு நொடி கையை நிறுத்துவாள். சாயங்காலம் மைதானத்தில் வைத்துச் சோதனை போடும்போது அவள் அடைத்த புஸ்வாணம் மட்டும் அவசரப்படாமல் எழும்பி, விரிந்து, நின்று எரியும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மருந்தைக் கூட வைக்கிறாளோ என்று. ஒரு வாரம் கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, கை கடுக்குதுனு செத்த நிறுத்துனா அதுக்குமா போலீசு மாதிரி நிப்பீக?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம், தீபாவளி சீசன். வெளியூர் ஆர்டர் ஒன்றுக்கு லாரி வந்து காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது, பாதி லோடுகூட ஏறவில்லை. ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டினார்கள். வேகத்தை நிறுத்த வேண்டிய நான், அன்றைக்கு பேச்சியம்மாள் இருந்த அறையின் கதவில் நின்று மூன்று தரம், "வெரசா ஆகட்டும், வெரசா ஆகட்டும்" என்று சத்தம் போட்டேன். தட்டுகிற சத்தம் நாலும் ஒன்றாகிவிட்டது. கேட்டுக்கொண்டேதான் நின்றேன். பேச்சியம்மாளின் மரக்கட்டை நழுவி அவள் இடது கை விரல்களையே நசுக்கியிருக்கிறது. அவள் சொல்லவில்லை. மருந்துப் பொடி படிந்த கையோடு காயத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு சாயங்காலம் கேட்டுக்கு வந்தாள். நான் பார்த்தேன். முந்தானையில் சிவப்பாக ஊறியிருந்ததையும் பார்த்தேன். "கையைக் காட்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் விபத்து என்று எழுத வேண்டும், விசாரிப்பார்கள், லாரி நிற்கும். "போ தாயி, நாளைக்கு வெரசா வந்துரு" என்று அனுப்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் யாரையும் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒரு நாள்தான். காயம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. இப்போது அவள் பெட்டி ஒட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் வழக்கம்போல், "என்னண்ணே, சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்கிறாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உன் அம்மாவுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. இந்தத் தாளை மடிப்பதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுப்பேன்.

அந்த வாரத்தில்தான், பேச்சியம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தெருவில் திரும்பினேன். வீட்டுக்குள்ளிருந்து கிட்டார் கேட்டது. நான் அதுவரை கேட்காத பாட்டு. யார் பாட்டும் இல்லை, நீயாகப் போட்டது. மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்தது வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிறமாதிரி வாசித்துக்கொண்டிருந்தாய். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டேன். அழுகை வந்துவிட்டது தம்பி. எனக்கு அழுகை வந்தால் அடுத்து வருவது என்ன? சந்தேகம்தான். இவனுக்குத் தெரிந்துவிட்டது, பேச்சியம்மாள் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள், என்னைக் குத்திக்காட்டத்தான் இப்படி வாசிக்கிறான் என்று நினைத்தேன். ஆத்திரத்தோடு உள்ளே வந்து, உன் முகத்தைப் பார்க்காமல், "ஏலே, நிறுத்து. எளவு வீடு மாதிரி இருக்குனு பக்கத்து வீட்டுக்காரவுக சங்கடப்படுதாக. வாசிச்சா நல்லா வெரசா எதையாச்சும் வாசி, இல்லன்னா மூடி வையி" என்றேன். "சரிப்பா" என்றாய். மறுநாளிலிருந்து போனில் டிக் டிக் என்று ஒன்றை ஓடவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாய். இன்றைக்குவரைக்கும் அதைத்தான் செய்கிறாய். உன் அம்மா கேட்டாளே, பிள்ளையை விரட்டுவது யார் என்று. அவளுக்கு நான் சொல்லாத பதில் இது.

பேச்சியம்மாள் மகள் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பேச்சியம்மாள் விஷயம் உனக்கு இந்தக் கடிதத்தில்தான் முதலில் தெரிகிறது. அவள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்த பிறகும் உன்னிடம் வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற வறட்டுக் கௌரவம். இப்போது கேட்கிறேன்.

குழுவில் சேர்கிறாயா, பம்பு கம்பெனியிலேயே இருக்கிறாயா, அது உன் முடிவு. கிட்டாரை நம்பிப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் வேகம்தான் உன்னிடம் இருக்கிற சரக்கு என்று நம்பி மட்டும் கையெழுத்துப் போடாதே. அந்த நம்பிக்கை உனக்கு வந்தது என் கடிகாரத்தாலும் நான் சொன்ன பொய்யாலும். ஆமாம், அதுவும் பொய்தான். பக்கத்து வீட்டில் ஒருத்தரும் சங்கடப்படவில்லை. நீ அதை வாசித்ததற்கு அடுத்த வாரம், வேன் நிற்கிற இடத்தில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பக்கத்து வீட்டு லட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒங்க மவன் அன்னைக்கு மெதுவா ஒண்ணு வாசிச்சான்ல, அத ஏன் இப்ப வாசிக்க மாட்டேங்கான்? வேன விட்டு எறங்கி வரயில அது கேட்டுச்சு. எனக்குக் கால் வலியே மறந்துபோச்சுண்ணே" என்றாள். நான் வேன் வருகிறதா என்று பார்க்கிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது அவனுக்கு மறந்துபோச்சு தாயி" என்றேன்.

மறந்திருக்காது என்றுதான் எனக்குச் சந்தேகம்.

உன் அப்பா